எதிர்பாராது வந்த பொருளை இல்லத்தார்க்கு உரைக்கலாமா?

பொருளின்மையால் வரும் துன்பத்தைப் பற்றி நம்மவர்கள் நிரம்பப் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். பொருள் திடீரென வந்து சேர்வதனால் உண்டாகும் துன்பத்தைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. வறுமையில் ஒருவரையொருவர் தாங்கி நின்ற குடும்பம், பெருந்தொகை ஒன்று கைக்கு வந்த சில மாதங்களுக்குள் பேச்சுவார்த்தையற்றுப் பிரிந்து நிற்பதை ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் அறிவர். அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குத் தம்பி போகாதிருப்பதும், தாயின் கருமாதியில் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருப்பதும் இதனால் நேர்வன. ஆகவே, எதிர்பாராத விதமாகப் பெரும்பொருள் ஒருவரை வந்தடைந்தால், அதனைத் தம் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டுமா, சொல்வதாயின் யாருக்கு, எப்பொழுது சொல்வது என்னும் வினாவை இன்று நேயர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதுசம் என்றவுடன் வயலும் தோப்பும் மாளிகையும் நினைவுக்கு வரும். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த நம்மவருக்கு அத்தகைய முதுசம் அரிது. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே உரியது. தந்தை மகனுக்கு விட்டுச்செல்ல ஒரு சாண் நிலம் இல்லாமலே பல தலைமுறைகள் கழிந்தன. ஆயினும், நம்மிடையேயும் பெருந்தொகை வந்து சேரும் வழிகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, உழைத்தவர் ஓய்வுபெறும்போதோ இறக்கும்போதோ வரும் பணம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொடுப்போர் தம் பொறுப்பில் குறைந்தது 12 பங்கும் மாதந்தோறும் செலுத்த, அத்தொகை வட்டியோடு வளர்ந்து, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மீளக் கிடைக்கிறது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் தொழில் கொடுப்போர் மேலும் 3 பங்கு செலுத்தும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை உண்டாக்கியது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ, ஐந்தாண்டுக்குக் குறையாமல் பணிபுரிந்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, அவர் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளத்தைப் பணிக்கொடையாக வழங்க வகைசெய்தது. கணக்கின் பொருட்டு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுகள் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணுக்குப் பணிக்கொடை மட்டும் 420,000 ரூபா ஆகிறது. மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் அவர் ஈட்டுவது 25,000 ரூபா. ஆகவே ஏறக்குறைய பதினேழு மாதச் சம்பளம் ஒரே நாளில் அவர் கையில் வருகிறது. சேமலாப நிதி இதற்கு மேலானது. வாழ்நாளில் ஒரே தடவை வரும் இத்தொகையை எங்ஙனம் ஆளுவது என்று அவருக்கு யாரும் கற்பித்ததில்லை.

இரண்டாவது வழி, கடல் கடந்த உறவு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தபோது விட்டு வந்த காணியில் பங்கு உண்டென்று ஒரு நாள் கடிதம் வரும். மூன்றாவது வழி, கொழும்பிலோ வெளிநாட்டிலோ பொருளீட்டிய பிள்ளையற்ற சிற்றப்பனோ பெரியம்மாளோ விட்டுச்சென்ற சொத்து. இவை எல்லாவற்றுக்கும் நம் வினா பொதுவானது.

சொல்லாமல் மறைத்து வைக்க விரும்புவோரை உடனே குறைகூறிவிடுதல் நியாயமன்று. அவர்கள் அச்சத்துக்கு வரலாறு உண்டு. கங்காணி முறை ஓங்கியிருந்த காலத்தில், தொழிலாளியின் சம்பளம் பெரும்பாலும் கங்காணியின் கையில் கொடுக்கப்பட்டது. அவன் கழித்ததுபோக மிஞ்சியதே உழைத்தவனுக்கு. தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு வேறொன்றுக்குச் செல்ல, அவன் கடன் இவ்வளவென்று எழுதிய துண்டு கூடவே சென்றது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, அவன் பட்ட கடன் துரைக்கும் கங்காணிக்கும் கடைக்காரனுக்கும் தெரிந்த பகிரங்கச் செய்தியாகவே இருந்தது. தன் கணக்கை எல்லாரும் அறிய, தன் பணத்தை மட்டும் தான் அறியாதிருந்த ஒரு சமுதாயம், பின்னர் நாலு காசு கண்டபோது அதை ஒளித்து வைக்க விரும்பியதில் வியப்பில்லை.

இந்த அச்சத்தை வலுப்படுத்திய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 525,000 பேர் இந்தியக் குடிகளாவது என்றும், 300,000 பேர் இலங்கைக் குடிகளாவது என்றும் முடிவாயிற்று. புறப்படுவோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் குறைவாக நிர்ணயிப்பதில்லை என்று இலங்கை அரசு உடன்பட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலில் இராமேசுவரம் சேர்ந்த குடும்பங்களிடம் ஒரு தொகை உண்டு என்பது இருகரையிலும் எல்லாரும் அறிந்த செய்தி. நிலம் வாங்கித் தருவதாகவும், கடனுதவி பெற்றுத் தருவதாகவும் கூறிய தரகர்களிடம் அத்தொகையை இழந்தோர் பலர். பணம் உண்டென்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது தங்காது என்னும் பாடத்தை நம்மவர் அங்ஙனம் கற்றனர்.

பாடம் மெய்யானதே. ஆயினும் அதிலிருந்து நாம் பெறும் முடிவு பிழைபட்டுவிடுகிறது. ஊருக்குச் சொல்லாதிருத்தல் வேறு. வீட்டுக்குச் சொல்லாதிருத்தல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதனால்தான் மனைவி அறிய வேண்டியதை மறைத்தவர், அதே செய்தியைச் சாராயக் கடையில் நண்பனிடம் சொல்லிவிடுகிறார். ஆதலால் குடும்பம் என்னும் சொல்லுக்குள் அடங்கியிருப்போரை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நலம். முதல்வகையினர், அப்பொருளில் சட்டப்படி பங்குடையவர். இரண்டாம் வகையினர், பொருள் பெற்றவரை நம்பி வாழ்பவர். மூன்றாம் வகையினர், உறவின் முறையால் ஆதரவு எதிர்பார்ப்பவர்.

முதல்வகையினரைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. அவர்களுக்கு உடனே, முழுமையாகச் சொல்ல வேண்டும். எதிர்பாராது வந்த முதுசம் என்று நாம் மகிழும் பொருள் பலவேளைகளில் நமக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமையும், கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்தம் சட்டமும் உள்ளன. மலையகத் தமிழராகிய நம்மை ஆளுவது நாட்டின் பொதுச் சட்டம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சொத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. மூத்தவன் என்ற முறையில் கூடுதல் பங்கும் இல்லை. சீர் கொடுத்துக் கட்டிக்கொடுத்த மகளுக்கு இனி ஒன்றுமில்லை என்று நம் தோட்டங்களில் கூறுவதுண்டு. சட்டம் அவ்வாறு கூறவில்லை.

ஆகையால், தந்தை இறந்தபின் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை மூத்த மகன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவானாயின், அவன் காப்பது தன் இரகசியத்தை அன்று. பிறர் பங்கை அவன் மறைக்கிறான். தாய்க்கும் தங்கைக்கும் தெரியாமல் செய்யும் இக்காரியம் நெடுநாள் நிலைக்கவும் மாட்டாது. மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி என்று ஒவ்வொன்றையும் பெறும்போது செய்தி நாலு பேருக்குத் தெரிகிறது. சொத்து பெரிதாயிருந்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குத் தொடர நேர்ந்தால், உரித்தாளர் எல்லாருடைய பெயரையும் குறிப்பிட வேண்டும். பத்திரிகையில் அறிவித்தலும் வெளிவரும். வாயால் சொல்லாததை அரசாங்கக் காகிதம் சொல்லிவிடும். அப்பொழுது தங்கை கேட்பது பணத்தை மட்டுமன்று. ‘ஏன் மறைத்தாய் அண்ணா?’ என்று கேட்பாள். அக்கேள்விக்கு மறுமொழி கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டுக் காணியைப் பற்றி வரும் கடிதத்துக்கும் இதுவே விதி. பெரும்பாலும் அக்கடிதம், நீங்கள் ஒரு கையொப்பம் இட்டால் போதும் என்றே வரும். அங்கே விடுதலைப் பத்திரம் என்று வழங்குவது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் உறுதி. குடும்பத்தில் ஒருவர் தனியே முடிவுசெய்து கையொப்பமிடுவதற்கு முன், அவருடைய உடன்பிறந்தார் எல்லாரும் அதை அறிய வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டில் திருத்தப்பட்டதன்பின், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள் பிறப்பினாலேயே மகனுக்கு நிகரான உரிமை பெறுகிறாள். பெண்களைக் கேட்க வேண்டுவதில்லை என்ற பழைய பேச்சு அங்கும் செல்லாது.

இரண்டாம் வகையினர் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், கூடவே வாழும் வயது முதிர்ந்த பெற்றோர். இங்கே சட்டம் வேறு, அறம் வேறு. ஒருவருக்கு வந்த முதுசம் அவருக்கே தனிச்சொத்து. அவர் உயிரோடிருக்கும்போது வாழ்க்கைத் துணைக்கு அதில் பங்கு கேட்கும் உரிமை இல்லை. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மனைவியின் பொருள் கணவனின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட அவளுடைய சொந்தப் பொருள் என்பதை நிலைநாட்டியது. எனவே சொல்லியே தீரவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. எனினும் நான் சொல்லுமாறே கூறுவேன். காரணம் மிகவும் எளியது. நாம் எப்போது இறப்போம் என்பதை நாம் அறியோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அத்தகைய பேரழிவில் வங்கிப் புத்தகமும் உறுதியும் சேமலாப நிதி இலக்கமும் மண்ணுக்குள் போய்விடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வங்கியில் கணக்கு உண்டு, எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு சேவை, சேமலாப நிதிக்கு யாருடைய பெயரைப் பின்னுரித்தாளராகக் கொடுத்திருக்கிறது என்பவற்றை ஒருவர் மாத்திரம் அறிந்திருந்தால், அவரோடு அந்த அறிவும் போய்விடுகிறது. குடும்பத்தில் இன்னுமொருவர் அதை அறிந்திருப்பது, காகிதத்தைப் பூட்டி வைப்பதைவிடச் சிறந்த காவல்.

இனி, யாவற்றிலும் கடினமான நிலை ஒன்றைக் கூற வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. ஐம்பது வயதில் சேமலாப நிதியைப் பெறும் ஒரு தாய்க்குக் குடிப்பழக்கமுள்ள கணவனோ, கைநீட்டும் மகனோ இருப்பின் அவள் என் செய்வது? வீட்டாரிடம் ஒளிவு மறைவு கூடாது என்னும் பொது உபதேசத்தை அவளிடம் கூறுவது, ஓநாயிடம் ஆட்டை ஒப்படைக்கச் சொல்வதை ஒக்கும். அவள் உழைப்பின் பயன் அவளுடையது. தன் பெயரில் மாத்திரம் வங்கிக் கணக்கைத் திறந்து, பணத்தை முதலில் அதில் இட்டு, அதன் பின்னரே சொல்வது அவள் உரிமை. தொகை எவ்வளவு என்பதை அவ்விருவருக்கும் கூறாதிருப்பதும் அவள் உரிமை. ஆனால் முற்றிலும் தனியே வைத்துக்கொள்வது அவளுக்கே ஆபத்தானது. மகளோ, உடன்பிறந்தவளோ, நம்பத்தகுந்த வேறொருவரோ உண்மையை முழுமையாக அறிந்திருத்தல் வேண்டும். நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கக்கூடியது நாம் பொய் சொல்லாதிருப்பதே. பணப்பையின் கணக்கைக் கேட்கும் தகுதியை அவர் தாமே இழந்துவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சொல்வது பற்றியும் பெற்றோர் வினவுவதுண்டு. பாடசாலையில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தொகை வேண்டியதில்லை. ‘உன் படிப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை எண்ணி, படிப்பை நிறுத்திக் கொழும்பில் கடை வேலைக்குப் போகத் தீர்மானிக்கும் வயது அது. தகப்பனின் பெட்டியில் உயர்தரம்வரை படிப்பிக்கப் போதிய பணம் இருக்க, அதை அறியாத மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்துவிட்டால், அந்த இரகசியத்தால் காப்பாற்றப்பட்டது எது? வளர்ந்த பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வரவு இது, கடன் இது, மிஞ்சுவது இது என்று எழுதிக் காட்டுவது அவர்களுக்கு வீட்டிலே கிடைக்கும் சிறந்த கணிதபாடமாகும். முச்சக்கர வண்டி கேட்கும் மகனும் அந்தக் கணக்கைப் பார்த்தபின் தன் கோரிக்கையைச் சற்றே அளந்து கேட்பான்.

மூன்றாம் வகையினர் மாமன், மச்சான், சம்பந்தி, ஒன்றுவிட்ட சகோதரர் முதலியோர். சுற்றத்தைத் தழுவி வாழ்தலை ஓர் அதிகாரமாகவே அமைத்தவர் வள்ளுவர். இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காகத்தை அங்கே உவமையாகக் காட்டினார். பகிர்ந்துண்பதன் பெருமையை நான் மறுக்கவில்லை. லயத்து வாழ்க்கையில் பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடிவந்தவர்கள் அந்த உறவினரே. ஆயினும் அவர்களுக்குச் சொல்வதில் அவசரம் வேண்டியதில்லை. பணம் கைக்கு வரும் முன்னரே செய்தி பரவினால், வராத பணத்துக்கு வாக்குறுதிகள் வளர்ந்துவிடும்; கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வட்டிக்கு வாங்கியோரும் உண்டு. முதலில் பழைய கடனைத் தீர்த்து, பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் வேண்டியதை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, உறவினருக்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைத்தபின் சொல்வதே ஒழுங்கு. அப்பொழுது கேட்போருக்கு, ‘வந்தது உண்மைதான் மாமா; வீட்டில் எல்லாரும் இருந்து பேசி இன்னின்னதற்கென்று வைத்துவிட்டோம்; எங்களால் செய்யக்கூடியது இவ்வளவு’ என்று முகம் பார்த்துக் கூறலாம். இல்லை என்று பொய்யுரைப்பதிலும் இது மரியாதையானது. மனைவியும் பிள்ளைகளும் உண்மையை அறிந்திருப்பதனால், இந்த மறுமொழியை யாரும் பின்கதவு வழியே மாற்றிவிடவும் இயலாது.

இறுதியாக, இன்று பொருளைப் பெறுகிறவர் நாளை அதை விட்டுச்செல்கிறவர் என்பதையும் நினைவுகூர வேண்டும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் மரணசாசனம் எழுதும் முழுச் சுதந்திரத்தை வழங்கியிருக்கிறது. நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளோடு அதனைக் கையொப்பமிட்டு நிறைவேற்றலாம். நம் ஹப்புத்தளை மலையில் தம்பேதென்ன முதலிய தோட்டங்களை 1890ஆம் ஆண்டில் வாங்கித் தேயிலையால் உலகப் புகழ் பெற்ற சேர் தோமஸ் லிப்டன் 1931ஆம் ஆண்டில் இறந்தார். தம் பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சேருமாறு எழுதி வைத்திருந்தார். அச்செல்வம் விளைந்த மலையில் உழைத்தவர்களின் பேரர்கள் அதைக் கேட்டு மனம் கசக்க இடமுண்டு. எனினும் தன் பொருள் யாருக்கு என்பதைத் தெளிவாக எழுதி வைத்தவருடைய விருப்பம் அவர் மறைந்த பின்னும் நிறைவேறுகிறது என்ற அளவில் அது நமக்கும் பாடமே. நாலு லட்சம் ரூபா விட்டுச்செல்பவருக்கும் இந்தத் தெளிவு வேண்டும். அவர் குடும்பத்துக்கு அந்தத் தொகையே பெருஞ்செல்வம்.

ஆகவே, நேயர்களே, கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வேன். பங்குடையவருக்கு உடனே சொல்லுங்கள். அது அவர்களுடைய பொருள். நம்பி வாழ்பவருக்குக் காலந்தாழ்த்தாது சொல்லுங்கள். நாளை நீங்கள் இல்லாதபோது அதைத் தேடி எடுக்க வேண்டியவர் அவர். வீட்டுக்குள்ளே அபாயம் உள்ளதாயின் பொருளை முதலில் பாதுகாத்து, நம்பத்தகுந்த ஒருவருக்கேனும் சொல்லுங்கள். சுற்றத்தாருக்கு, ஒழுங்குசெய்து முடித்தபின் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. முப்பது ஆண்டுகள் பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் சேர்ந்த பணம் ஒரு குடும்பத்தைப் பிரிப்பதற்காக வந்ததன்று. இந்த வாரம் ஒரு மாலைப்பொழுதில் விளக்கடியில் அமர்ந்து, சேமலாப நிதி இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் பின்னுரித்தாளரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அதை வைத்த இடத்தை வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள். பெருந்தொகை வருவதற்கு முன்னரே செய்யக்கூடிய காரியம் அது.